ஒரே தாளைத் தின்னும் இரண்டு மாடுகள்

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். செவலை, ஜெர்சி கலப்பு. கறுப்பி, ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு. வழக்கமாக இரண்டின் பாலையும் ஒரே கேனில் ஊற்றித்தான் அம்மா பால் சங்கத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் என்ன தோன்றியதோ, தனித்தனியாக ஊற்றிப் பார்த்தார். சீட்டில் செவலைக்கு ஃபேட், அதாவது கொழுப்பு சதவீதம், 4.7, கறுப்பிக்கு 3.4. மாதிரி எடுத்த தம்பி சிரித்துக்கொண்டே, "என்னக்கா, மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னா பாலுக்குக் காட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "ரெண்டும் ஒரே தாளைத்தான் திங்குது, ஒரே தொட்டியிலதான் குடிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மாவின் வாதத்துக்கு அதே சீட்டில் சாட்சி இருந்தது. தண்ணீர் கலந்தால் ஃபேட்டும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு தவிர்த்த மற்ற திடப்பொருள்) சேர்ந்தே இறங்கும். கறுப்பியின் எஸ்என்எஃப் 8.3இல் சரியாக நின்றது. கொழுப்பு மட்டும் குறைவு என்றால் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு எதைச் சொல்வது? பெரிய பங்கு டிஎன்ஏவை என்கிறது அறிவியல். அதிலும் ஒரு மரபணுவின் பங்கு அசாதாரணமானது.

முதலில் கொழுப்பு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். பாலில் மிதக்கும் கொழுப்பில் ஏறக்குறைய 98 சதவீதம் ட்ரைகிளிசரைடு. மூன்று பல் மட்டும் உள்ள சீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சீப்பின் முதுகு கிளிசரால், ஒவ்வொரு பல்லும் ஒரு கொழுப்பு அமிலம். பசும்பாலில் இப்படி 400க்கும் மேற்பட்ட அமிலங்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனாலும் எடையில் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு அமிலங்களுடையதுதான்.

இந்தப் பற்கள் இரண்டு வழியில் வருகின்றன. மாடு கேழ்வரகுத் தாளையும் சோளத்தட்டையும் தின்று அசைபோட, முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அசிட்டேட் தயாரிக்கின்றன. காடியில் இருக்கும் அதே சரக்கு. மடி இதை இரத்தத்திலிருந்து உறிஞ்சி, இரண்டிரண்டு கார்பனாகக் கோத்து, 4 முதல் 16 கார்பன் வரை நீளமுள்ள அமிலங்களைத் தானே செய்துகொள்கிறது. 18 கார்பன் உள்ள நீண்ட அமிலங்கள் தீவனத்திலிருந்தும் மாட்டின் உடம்புக் கொழுப்பிலிருந்தும் நேராக வருகின்றன. 16 கார்பன் பாமிடிக் அமிலம் இரண்டு வழியிலும் பாதிப் பாதி வரும்.

தாளைக் குறைத்துக் கஞ்சியும் மாவும் நிறைய வைத்தால் ஃபேட் விழுவதற்குக் காரணம் இந்த முதல் வழி கெட்டுப்போவதுதான். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டாலும் விழும், ஏனென்றால் கறவையின் முடிவில் வரும் பாலில்தான் கொழுப்பு அடர்த்தி. ஈத்தின் கடைசி மாதங்களில் பால் வற்ற வற்ற ஃபேட் ஏறும். இதெல்லாம் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இவை எல்லாவற்றையும் சமமாக வைத்தாலும் மாட்டுக்கு மாடு வித்தியாசம் நிற்கும். ஒரு மந்தைக்குள் கொழுப்பு சதவீதத்தில் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபால் வருவது. லிட்டர் கணக்கில் அந்தப் பங்கு கால் முதல் மூன்றில் ஒன்று வரைதான். அதாவது, ஒரே மந்தைக்குள் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில், லிட்டரைவிடச் சதவீதத்தில்தான் மரபின் கை ஓங்கியிருக்கிறது.

அந்த மரபு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடியவர்கள் 1990களிலேயே மாட்டின் 14ஆம் குரோமோசோமின் ஒரு முனைக்கு வந்துவிட்டார்கள். கொழுப்பைத் தூக்கிவிடும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது, ஆனால் எந்த மரபணு? துப்பு கொடுத்தது எலி. டிஜிஏடி1 என்ற மரபணுவை நீக்கிய எலிகள் குட்டி போட்டாலும் பால் சுரக்கவில்லை என்று 2000இல் தெரியவந்தது. அதே மரபணு மாட்டில் சரியாக அந்த முனையில்தான் இருந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் மிஷேல் ஜார்ஜஸ் குழுவினர் நியூசிலாந்துக்காரர்களோடு சேர்ந்து 2002இல் அதை உறுதிப்படுத்தினார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியிலிருந்தும் அதே விடை வந்தது.

டிஜிஏடி1 மரபணு உருவாக்கும் நொதியின் (வேதிவினையை நடத்தும் புரதத்தின்) வேலை, சீப்பில் மூன்றாவது பல்லைச் செருகுவது. இரண்டு பல் வரை வேறு நொதிகள் செய்து கொடுத்துவிடும், கடைசிக் கை இதனுடையது. இந்தப் புரதம் ஏறக்குறைய 490 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதில் 232ஆவது இடத்தில் சில மாடுகளுக்கு லைசின், சிலவற்றுக்கு அலனின். டிஎன்ஏவில் பார்த்தால் 'ஏஏஜி' என்று இருக்க வேண்டிய இடம் 'ஜிசிஜி' என்று மாறியிருக்கிறது. முழு மரபுத்தொகுதியில் சுமார் 270 கோடி எழுத்து; அதில் அடுத்தடுத்த இரண்டு எழுத்து மாறியதற்கு இவ்வளவு பேச்சு. லைசின் வடிவம் சுறுசுறுப்பானது, ட்ரைகிளிசரைடைக் கூடுதலாகச் செய்யும். ஒவ்வொரு மாட்டிலும் இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதி; ஆய்வுகளில், லைசின் வடிவத்தின் ஒரு பிரதி கூடினால் ஃபேட் சுமார் 0.3 ஏறியது. கூடவே பாலின் அளவு குறைந்தது.

எது பழையது, எது புதியது என்பது எனக்குப் பிடித்த பகுதி. லைசின்தான் மூல வடிவம். நம் திமில் மாடுகளில் ஆராய்ந்து பார்த்த இனங்களில் ஏறக்குறைய எல்லாமே லைசின். எருமையும் அப்படியே. அலனின் பிற்பாடு ஐரோப்பிய மாட்டில் தோன்றிய மாற்றம்; லிட்டர் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடங்களில் அது பரவியது. ஹோல்ஸ்டீனில் இரண்டும் கலந்து கிடக்கும், ஜெர்சியில் லைசின் தூக்கல். ஒகேனக்கல் பக்கத்து ஆலம்பாடி மாடு சொம்பளவு பால்தான் கொடுக்கும், ஏர் உழவும் வண்டி இழுக்கவும் வளர்த்த இனம். ஆனால் அந்தச் சொம்புப் பால் கெட்டியாக இருக்கிறது என்று கிழவிகள் சொன்னால் அதை வெறும் பழம்பெருமை என்று நான் தள்ளமாட்டேன்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுவிடலாம், ஏனென்றால் சதவீதம் ஆளை ஏமாற்றும். செவலை வேளைக்கு 6 லிட்டர், 4.7 ஃபேட். கொழுப்பு சுமார் 280 கிராம். கறுப்பி 9 லிட்டர், 3.4. சுமார் 305 கிராம். சீட்டில் தோற்ற மாடு கிராமில் ஜெயிக்கிறது. பாலின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது லாக்டோஸ் சர்க்கரை. மடிக்குள் அது எவ்வளவு சுரக்கிறதோ அவ்வளவு தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். ஆக, கறுப்பியின் பாலில் தண்ணீர் கூடுதல் என்று அந்தத் தம்பி சொன்னது ஒரு வகையில் சரிதான். ஊற்றியது அம்மா இல்லை, மாடு!

சரி, இது 'எவ்வளவு' என்ற கதை. 'எப்படிப்பட்ட கொழுப்பு' என்பதைச் சங்கத்து மெஷின் பார்ப்பதில்லை. கொழுப்பை அளக்கும் பழைய கெர்பர் முறையும் பார்க்காது. 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றிக் குலுக்கினால் புட்டி கையைச் சுடும், துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். சுழற்றி எடுத்தால் கழுத்தில் தெளிவான மஞ்சள் கொழுப்பு நிற்கும். உயரத்தைப் படிப்பதோடு சரி.

வகையைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு கருவி உண்டு: நெய் டப்பா. கேழ்வரகுத் தாளைப் போர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நேரான தாள் நெருக்கமாக அடங்கும். வளைந்த தாள் நடுவில் வந்தால் இடைவெளி விழும். கொழுப்பு அமிலங்களும் அப்படித்தான். நேரான நிறைவுற்ற அமிலங்கள் அடுக்கி உறைந்துவிடும். சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு வந்தால் அந்த இடத்தில் வளைந்து, அடுக்கக் கெடும். 18 கார்பன் உள்ள ஸ்டியரிக் அமிலம் சுமார் 69 டிகிரியில் உருகும். அதிலேயே ஒரு வளைவு விழுந்தால் ஒலியிக் அமிலம், அது 13 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழியில் ஓசூர்க் குளிரில் கல்லாக நிற்கும் நெய்யும், ஓரத்தில் எண்ணெய் கசிந்து நிற்கும் நெய்யும் பெரும்பாலும் இந்த வளைவுகளின் எண்ணிக்கையில் வேறுபடுகின்றன.

அந்த வளைவைப் போடும் நொதி எஸ்சிடி1. மரபணு 26ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இங்கும் ஓர் இடம்தான் விஷயம்: புரதச் சங்கிலியின் 293ஆவது இடத்தில் அலனினா, வேலின் என்ற இன்னோர் அமினோ அமிலமா என்பது. வேலின் வடிவம் கொண்ட மாட்டின் பாலில் 14 கார்பன் அமிலங்களில் வளைவு குறைவு. 18 கார்பனில் பார்த்தால் தீவனத்தின் குறுக்கீடு அதிகம். வளைந்த 14 கார்பன் அமிலமோ கிட்டத்தட்ட முழுவதும் மடியிலேயே தயாராவதால் நொதியின் கைவரிசை அதில் பளிச்சென்று தெரியும். டிஜிஏடி1இன் லைசினும் வகையை மாற்றுகிறது: பாமிடிக் கூடும், வளைந்த 18 கார்பன் அமிலங்கள் குறையும். கொழுப்பு கூடிய பால் கொஞ்சம் கெட்டிக் கொழுப்புப் பாலாகவும் இருக்கும்.

2015இல் நியூசிலாந்தில் இதற்கு நேர் எதிரான மாடு ஒன்றைப் பற்றி எழுதினார்கள். டிஜிஏடி1இலேயே வேறோர் இடத்தில் ஓர் எழுத்து மாறியதால், புரதத்துக்கான செய்தியில் ஒரு துண்டு முழுக்க விடுபட்டுப்போகிறது. பாலில் கொழுப்பும் குறைவு, இருக்கும் கொழுப்பில் வளைவுகளும் அதிகம்.

நெய்யின் மஞ்சளை வைத்துக் கொழுப்பை எடைபோடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் என்பது பசும்புல்லின் கரோட்டின். எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளை. கொழுப்போ பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அப்புறம், செவலை போலவே இன்னொரு மாடு வேண்டும் என்றால்? கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது எளிதான கேள்வியாகத் தோன்றும். நல்ல மல்கோவா மரத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி ஒட்டுக் கட்டினால், அதே மரம், அதே பழம். மாட்டை ஒட்டுக் கட்ட முடியாது. கொட்டை போட்டு முளைத்த மாங்கன்று மாதிரிதான் ஒவ்வொரு கன்றும். தாயின் இரண்டு பிரதிகளில் ஒன்று, காளையின் இரண்டில் ஒன்று, எது என்பது குலுக்கல். டிஜிஏடி1 ஒன்று தவிர, சிறு சிறு அளவில் கொழுப்பை அசைக்கும் இடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அதனால்தான் இப்போது ஒரே மரபணுவைப் பார்ப்பதை விட்டு, டிஎன்ஏ சிப் வைத்து ஆயிரக்கணக்கான இடங்களைச் சேர்த்துப் படித்துக் காளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டு மாடுகளுக்கும் கலப்பினத்துக்கும் ஏற்றபடி தேசிய பால்வள வாரியம் உருவாக்கிய இண்டஸ்சிப் அந்த வகை.

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து எடுக்கும் கால் மில்லி விந்துக் குழாயின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும். சினை ஊசி போட வருபவரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிவைக்க இப்போது நான் பழகிக்கொண்டேன். செவலையின் கிடேரிக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. அம்மா அதற்கும் செவலை என்றே பெயர் வைத்துவிட்டார். முதல் ஈத்து ஆனதும் அதன் பாலையும் ஒரு நாள் தனியாக ஊற்றிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.