‘இலவச விசா’ இல்லை, விசா விலக்கு. ‘விசா நீட்டிப்பு’ இல்லை, தங்கல் நீட்டிப்பு

“தாய்லாந்து இலவச விசாவை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம்.” 2024 கடைசியில் ஒரு பயண முகவர் என் சித்தி மகனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. அதை நம்பி பாங்காக்கில் சேங் வத்தனா இமிக்ரேஷன் அலுவலகத்துக்குப் போனவனிடம் 1,900 பாட் கட்டணம் கேட்டார்கள். “இலவசம்னுதானேண்ணா போட்டிருந்தாங்க” என்று அங்கிருந்தே எனக்குப் போன் செய்தான். அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள். இரண்டையும் நாளிதழ்களில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

முதலில் விசா. ‘பார்க்கப்பட்ட தாள்’ என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். வீடியோவுக்கும் வேர் அதுதான். தாளைப் பார்த்தாயிற்று என்பதற்கான அடையாளம், அவ்வளவே. தமிழில் நுழைவிசைவு என்கிறோம். இலங்கையில் ‘வீசா’ என்று நெடிலாக எழுதுவார்கள்.

அந்தத் தாளே தேவையில்லை என்று ஒரு நாடு சொன்னால் அது விசா விலக்கு. 2024 ஜூலை 15 முதல் இந்தியா உட்பட 93 நாட்டவருக்குத் தாய்லாந்து அறிவித்த 60 நாள் அனுமதி இந்த வகை. இதில் விசாவே கிடையாது. இல்லாத ஒன்று இலவசமாவது எப்படி? உண்மையான இலவச விசா என்றால் இலங்கை 2023 அக்டோபரில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்குச் சோதனை முயற்சியாக அறிவித்ததைச் சொல்லலாம். அங்கே விசா உண்டு, விண்ணப்பமும் உண்டு, கட்டணம் மட்டும் இல்லை. இரண்டு செய்திக்கும் ஒரே தலைப்பைப் போட்டால், விண்ணப்பிக்க வேண்டுமா வேண்டாமா என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ‘விசா நீட்டிப்பு’. தூய தமிழில் எழுதுகிறேன் என்று சிலர் இதையே ‘நுழைவிசைவு நீட்டிப்பு’ ஆக்குகிறார்கள். என் சண்டை முக்கியமாக இந்தச் சொல்லோடுதான். நுழைவு என்பது ஒரு கணத்துச் செயல். வாசலைத் தாண்டியாயிற்று என்றால் முடிந்தது. முடிந்த நுழைவை 30 நாள் நீட்டிக்க முடியாது. நீள்வது உள்ளே தங்கும் காலம். தாய்லாந்தில் இதற்கு நிரப்பும் டி.எம்.7 படிவமும் தற்காலிகத் தங்கலை நீட்டிக்கத்தான் கேட்கிறது. பாஸ்போர்ட்டில் குத்துகிற முத்திரை, இன்ன தேதி வரை தங்கல் நீட்டிக்கப்பட்டது, அதற்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்கிறது. தம்பி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான், எழுத்தெழுத்தாகப் படித்தேன். நீட்டிப்பு என்ற சொல் தங்கலோடுதான் சேர்ந்திருக்கிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர், “பத்து வருஷ விசா இருக்கே” என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பத்து வருஷம் என்பது வாசல் வரை போய் நிற்பதற்கான காலம். உள்ளே எத்தனை நாள் என்பதை அங்கே இருக்கும் அதிகாரி தீர்மானிக்கிறார், பெரும்பாலும் ஆறு மாதம். விசா உயிரோடு இருக்கும்போதே தங்கல் முடிந்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை யாருக்கும் புரியவைக்க முடியாது.

‘தங்குரிமை நீட்டிப்பு’ என்றும் ஒன்று பார்த்தேன். அது இன்னும் ஆபத்து. உரிமை என்றால் கேட்டவுடன் கொடுத்தாக வேண்டும். இங்கே கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம்.

தங்கல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல். சிவகாசிக்குப் பக்கத்தில் திருமகள் தங்கிய இடம் என்று தலபுராணம் சொல்லும் ஊர் திருத்தங்கல். அதோடு நீட்டிப்பைச் சேர்த்தால் போதும். நீடிப்பு வேண்டாம்: மழை தானாக நீடிக்கும், தங்கலை ஒருவர்தான் நீட்டிக்க வேண்டும். கடைசி நாளுக்குக் ‘கெடு’ என்ற நல்ல பேச்சு வழக்கு இருக்கிறது. கெடு தாண்டினால் தாய்லாந்தில் நாளுக்கு 500 பாட் அபராதம், 20,000 பாட் வரை ஏறும். 90 நாளுக்கு மேல் தாண்டிவிட்டுத் தானாக வெளியேறினாலும் ஓராண்டு உள்ளே வர முடியாது. இதை எழுத ‘அதிகப்படியான தங்குதல்’ என்று இழுக்கிறார்கள். ‘கெடு தாண்டித் தங்கினார்’ என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. சென்னை விமான நிலையச் செய்தி எதை எடுத்தாலும் இமிக்ரேஷனுக்கு ‘குடியுரிமைச் சோதனை’, ‘குடியுரிமை அதிகாரிகள்’. சுற்றுலாவுக்கு வந்தவர் அங்கே குடியுரிமையா கேட்கிறார்? உள்ளே வருவதும் வெளியே போவதும்தான் அங்கு பார்க்கப்படுகிறது. இலங்கையில் ‘குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம்’ என்று அரசுப் பலகையிலேயே சரியாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொற்களை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தயக்கம்?