அடாப்டர் – தகவி: பழைய தொலைபேசியை இணையத்தில் பேச வைக்கும் கருவி

அன்றாடப் பேச்சில் 'அடாப்டர்' என்றால் பெரும்பாலோர் மடிக்கணினிக்கோ மோடத்துக்கோ மின்சாரம் தரும் கறுப்புப் பெட்டியைத்தான் நினைப்பார்கள். இங்கே விளக்கப்படுவது வேறொரு கருவி. செம்புக் கம்பியில் இயங்குவதற்கென்றே செய்யப்பட்ட மேசைத் தொலைபேசியை இணையத்தின் வழியே பேச வைக்கும் சிறு பெட்டியை 'அனலாக் டெலிபோன் அடாப்டர்' என்றும், சுருக்கமாக 'ஏடிஏ' என்றும் குறிப்பிடுகிறார்கள். அதற்கு மின்சாரம் தருவதற்கு இன்னோர் அடாப்டரும் உடன் வருவதால், ஒரே அட்டைப்பெட்டிக்குள் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. தெளிவான தமிழ்ப் பெயர் ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

'அடாப்ட்' என்னும் வினை, 'அடாப்டாரே' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதில் 'அட்' என்பது ஒன்றை நோக்கிய நிலையைச் சுட்டும் முன்னொட்டு. 'ஆப்டுஸ்' என்பதற்குப் பொருந்திய, தகுந்த என்று பொருள். ஒன்றை இன்னொன்றுக்குத் தக அமைப்பது என்பதே வேர்ப்பொருள். அப்படி அமைத்துத் தருவது அடாப்டர்.

இதற்குத் தமிழில் மாற்றி, பொருத்தி, ஏற்பி, தகவி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. 'மாற்றி' என்பதை டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்மாற்றி என்றும், கன்வெர்ட்டருக்குத் தனியாகவும் ஆண்டுவருகிறோம். அதே சொல்லை இதற்கும் கொடுத்தால் மூன்று கருவிகள் ஒரு பெயரில் சிக்கிக்கொள்ளும். 'பொருத்தி' என்பது ஒரு நாட்டுச் செருகியை இன்னொரு நாட்டுச் சுவர்த்துளையில் செருக உதவும் துண்டுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அங்கே நடப்பது வடிவப் பொருத்தம் மட்டுமே. 'ஏற்பி' பெறுவதை மட்டும் சொல்கிறது, கொடுப்பதைச் சொல்வதில்லை.

எனவே 'தகவி' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். உயிர்கள் தம் சூழலுக்கு ஏற்ப அமைந்துகொள்வதை நம் உயிரியல் பாடநூல்கள் 'தகவமைப்பு' என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. ஆங்கிலத்தில் அதுவும் 'அடாப்டேஷன்' என்ற அதே வேர்ச்சொல்தான். 'தகு' என்னும் அடியிலிருந்து பிறந்த 'தகவு' பழைய சொல். 'தக்கார் தகவிலர்' என்று தொடங்கும் 114ஆம் குறளில் அதைக் காணலாம். அதனோடு கருவியைச் சுட்டும் இகர விகுதி சேரத் தகவி ஆகிறது. மண்வெட்டி, பாக்குவெட்டி, தேங்காய்த்துருவி ஆகியவற்றில் இருப்பதும் இவ்விகுதியே. 'தகு' தன்வினை ஆயிற்றே, தகச் செய்யும் கருவிக்கு அது ஒக்குமா என்று இலக்கணம் அறிந்தோர் கேட்கலாம். 'தகவமைப்பி' என்பதன் சுருக்கமாக அதைக் கொண்டால் அந்தத் தடை நீங்கும்.

'அனலாக்' என்பதற்கு வேர், உரிய விகிதத்தில் அமைந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பேசுபவரின் குரலால் காற்றழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஒப்பாகக் கம்பியில் மின்னோட்டமும் ஏறி இறங்குவதால் இப்பெயர் வந்தது. 'ஒப்புமை' என்ற தமிழ் வழக்கு அதை அப்படியே சொல்கிறது. 'அலைமருவி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதைக் கேட்டவுடன் பொருள் விளங்குவதில்லை. ஆக, முழுப்பெயர் 'ஒப்புமைத் தொலைபேசித் தகவி'. பேச்சில் 'தொலைபேசித் தகவி' என்பதே போதும்.

தகவி என்ற பெயர் எவ்வளவு சரியானது என்பது கருவியின் வேலையைப் பார்த்தால் விளங்கும். தொலைபேசியின் பக்கம் அது இணைப்பகமாகவே, அதாவது 'டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்' ஆகவே, நடந்துகொள்கிறது: கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்த்திசை மின்னழுத்தத்தை வைத்திருக்கிறது, காதில் வைத்துப் பேசும் கைப்பிடியைத் தாங்கியிலிருந்து எடுத்ததும் மின்னோட்டம் பாய்வதைக் கண்டு 'டயல் டோன்' ஒலிக்கிறது, அழைப்பு வந்தால் மாறுதிசை மின்சாரத்தை அனுப்பி மணியடிக்கிறது. இணையத்தின் பக்கம் அதுவே ஒரு தொலைபேசியாக நடந்துகொள்கிறது: 'எஸ்ஐபி' என்னும் அமர்வுத் தொடக்க நெறிமுறையில் தன்னைச் சேவையகத்தில் பதிவு செய்துகொள்கிறது, 'ஜி.711' என்னும் குரல் குறியாக்க முறையில் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக எழுதி, நொடிக்கு 64 கிலோபிட் வீதம் சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. பழைய தொலைபேசிக்குத் தன் சூழல் மாறியதே தெரிவதில்லை.

கருவியை அமைக்கும்போது எதிர்ப்படும் 'எஃப்எக்ஸ்எஸ்', 'எஃப்எக்ஸ்ஓ' என்னும் இரண்டு பெயர்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவற்றிலுள்ள 'ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்' என்ற தொடருக்கு அந்நியச் செலாவணியோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒருவருக்குத் தம் பகுதியின் இணைப்பகத்திலிருந்து அல்லாமல் வேறொரு பகுதியின் இணைப்பகத்திலிருந்து இணைப்புத் தரும் சேவைக்குத் தொலைபேசி நிறுவனங்கள் வைத்த பெயர் அது. 'வேற்று இணைப்பகம்' என்பதே அதன் நேர்ப்பொருள். அச்சேவையில் தொலைபேசி இருக்கும் முனையை 'ஸ்டேஷன்' என்றும், இணைப்பகம் இருக்கும் முனையை 'ஆஃபிஸ்' என்றும் அழைத்தனர். இன்று எஃப்எக்ஸ்எஸ் என்று குறிக்கப்பட்ட துளை தொலைபேசியைச் செருகுவதற்கானது. மின்னழுத்தமும் மணியும் அதிலிருந்து வரும். எஃப்எக்ஸ்ஓ துளை, இணைப்பகத்திலிருந்து வரும் கம்பியைச் செருகுவதற்கானது. முன்னதைத் 'தொலைபேசித் துளை' என்றும் பின்னதை 'இணைப்பகத் துளை' என்றும் தமிழில் எழுதினால் தடுமாற்றம் இராது. தடுமாறினால் விளைவு கடுமையானது: தொலைபேசித் துளையை, இணைப்பு உயிரோடிருக்கும் சுவர்த்துளையோடு சேர்த்தால் இருபுறமும் மின்னழுத்தம் மோதி, தகவி பழுதாகக்கூடும்.

மற்ற வேலைகள் எளியவை. தகவியை லேன் கேபிளால் ரௌட்டருடன் இணைத்து, தொலைபேசியைச் செருகி, மின்சாரம் கொடுக்க வேண்டும். பல கருவிகளில் தொலைபேசியிலேயே ஸ்டார் குறியை மூன்று அல்லது நான்கு முறை அழுத்தினால் குரல்வழிப் பட்டியல் ஒலித்து, கருவியின் ஐபி முகவரியைச் சொல்லும். அதை உலாவியில் இட்டு, இணையத் தொலைபேசிச் சேவை தந்த சேவையக முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் மூன்றையும் நிரப்பினால் பதிவு முடியும். மணியின் அலைவெண், ஒலிக்குறிகள் போன்றவை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் நாட்டுத் தேர்வையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுழற்றும் வட்டுள்ள மிகப் பழைய தொலைபேசிகளின் துடிப்புகளை எல்லாத் தகவிகளும் புரிந்துகொள்வதில்லை. வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. செம்புக் கம்பிக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே வந்ததால் வீட்டில் மின்தடை ஏற்பட்டாலும் தொலைபேசி பேசியது. தகவிக்கும் ரௌட்டருக்கும் அந்த வசதி இல்லை; முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இரண்டையும் மின்கலச் சேமிப்போடு இணைப்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

கண்ணாடியிழை இணைப்பு பெற்ற வீடுகள் பலவற்றில் தகவி தனிப் பெட்டியாக இருப்பதில்லை. இழை வந்து முடியும் பெட்டியின் பின்புறத்தில் 'ஃபோன்' அல்லது 'டெல்' என்று அச்சிட்ட சிறு துளை இருந்தால், அதன் உள்ளே இருக்கும் சுற்று தகவிதான். அங்கே பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் பொதுவாகச் சேவை நிறுவனமே நிரப்பிவிடுவதால், வீட்டுக்காரர் தொலைபேசியைச் செருகினால் போதும்.