உயர் பதவி நேர்காணலில் முதல் எண்ணத்தை நம்பலாமா?

நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வருபவரை நேர்காணல் செய்வது, புதிய பட்டதாரியை நேர்காணல் செய்வதைவிடக் கடினமானது. பல ஆண்டுகள் கூட்டங்களில் பேசிப் பழகியவர் எந்தக் கேள்விக்கும் தடுமாறமாட்டார். அந்தச் சரளத்தையே திறமை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஒரு நல்ல குணத்தைக் கண்டதும் மற்ற குணங்களுக்கும் தாராளமாக மதிப்பெண் போடும் இப்போக்கை, ராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்கு அளித்த மதிப்பீடுகளைக் கொண்டு 1920-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் எடுத்துக்காட்டினார். உளவியலில் இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1950-களின் நடுவில் இஸ்ரேல் ராணுவத்தில் இளம் உளவியலாளராக இருந்தபோது, இதற்கு ஒரு வழி கண்டார். படையில் சேரும் இளைஞர்களை நேர்காண்பவர்களை, ஆளைப் பற்றிய பொதுவான அபிப்பிராயத்தை விட்டுவிட்டு, பொறுப்புணர்வு முதலான ஆறு பண்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கடந்தகாலச் செயல்களைப் பற்றி மட்டும் கேட்டு, மதிப்பெண்ணை எழுதிய பிறகே அடுத்ததற்குச் செல்லுமாறு பணித்தார். தங்களை இயந்திரமாக்குவதாக நேர்காண்பவர்கள் முறையிடவே, எல்லாம் முடிந்தபின் கண்களை மூடி, அந்த இளைஞரைப் படைவீரராகக் கற்பனை செய்து இன்னொரு மதிப்பெண் போடச் சொன்னார். யார் நல்ல படைவீரராவார் என்று கணிப்பதில் புதிய முறை பழையதை விஞ்சியதோடு, கண்மூடிப் போட்ட மதிப்பெண்ணும் ஆறு பண்புகளின் கூட்டுத்தொகைக்கு நிகராகப் பலித்தது. உள்ளுணர்வுக்கு உரிய இடம் இறுதியில்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர், பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பிந்தைய பணித்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்), எல்லோரிடமும் முன்பே வகுத்த அதே கேள்விகளைக் கேட்கும் கட்டமைத்த நேர்காணலில் 0.42, மனம்போன போக்கில் நடத்துவதில் 0.19.

நஷ்டத்தில் ஓடும் ஒரு பிரிவை மீட்க ஆள் தேடுவதாகக் கொள்வோம். ‘நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள்?’ என்று கேட்டால் சொற்பொழிவுதான் கிடைக்கும். ‘நீங்கள் மூடிய அல்லது சுருக்கிய ஒரு பிரிவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்கி, எந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுத்தார், யார் எதிர்த்தார்கள், குழுவின் வேலையில் அவர் கைப்படச் செய்தது எது, ஓராண்டு கழித்து என்ன ஆனது என்று துருவிக் கேட்க வேண்டும். எத்தகைய பதிலுக்கு 5, எத்தகையதற்கு 1 என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்து, எல்லா விண்ணப்பதாரர்களிடமும் அதே கேள்விகளையே கேட்க வேண்டும்.

நேர்காணல் குழுவினர் தத்தம் மதிப்பெண்களைக் கலந்து பேசாமல் எழுதிக் கொடுத்த பிறகே விவாதம் தொடங்க வேண்டும். அதிலும் தலைவர் கடைசியாகவே வாய் திறக்க வேண்டும்.