ஸ்லோ குக்கர்: லோவும் ஹையும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்

ஸ்லோ குக்கரில் முதல் முறை வைக்கும் குழம்பு பெரும்பாலும் சொதப்பும். கோழி நார் நாராகப் பிரிந்திருக்கும், உருளைக்கிழங்கு நறுக்கென்று இருக்கும், மேலே ரசம் போலத் தண்ணீர் நிற்கும். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கிறது. அடுப்பில் பழகிய கை தீயைக் கூட்டிக் குறைத்தே பழகியது. இங்கே கூட்டவும் குறைக்கவும் தீயே கிடையாது.

கருவி எளிமையானது. வெளியே தகரக் கூடு. அதன் உட்சுவரைச் சுற்றி வெப்பக் கம்பி. உள்ளே கனமான பீங்கான் பானை. மேலே கண்ணாடி மூடி. சூடு பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து வருவதால் அடிப்பிடிக்காது, கிளறவும் வேண்டாம். மூன்றரை லிட்டர் குக்கர் சுமார் 200 வாட் மின்சாரம் எடுக்கும். இண்டக்‌ஷன் அடுப்போ 2000 வாட்.

ஒரு சின்னக் கணக்கு. மூன்று லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 815 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 2000 வாட் அடுப்பு வீணாக்காமல் கொடுத்தால் ஏழு நிமிடம் போதும். 200 வாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதோடு பீங்கானையும் சூடாக்க வேண்டும், சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் குக்கரின் இரண்டு அமைப்புகளில், ஹையில் (அதிகம்) மூன்று, நான்கு மணி நேரமும் லோவில் (குறைவு) ஏழு, எட்டு மணி நேரமும் ஆகிறது.

எங்கே போய்ச் சேர? பல குக்கர்களில் இரண்டு அமைப்பும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன: கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, சுமார் 98 டிகிரி. தண்ணீர் கொதியை நெருங்க நெருங்க ஆவியாவது வேகமாகக் கூடும். கூடுதல் வெப்பத்தை அந்த ஆவியே எடுத்துக்கொள்ளும். ஆவி மூடியில் பட்டுத் துளியாகி விளிம்பில் தேங்கி, இடுக்கை அடைத்துவிடும். ஆக, லோ என்பது சிறு தீ அல்ல. மெதுவாக ஏறும் பாதை. ‘இன்று வீட்டிலேயேதான் இருக்கிறேன், ஹையில் வைத்து எட்டு மணி நேரம் விடலாம்’ என்று நினைத்தால் கறி கரைந்து கூழாகிவிடும்.

இந்த ஏற்றம் எந்தக் கறிக்கு லாபம்? 60 டிகிரியைத் தாண்டியதும் தசைநார் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். கோழி நெஞ்சுக்கறி 74 டிகிரியில் வெந்து முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். ஆட்டுச் சப்பை, கழுத்து, கால் இவற்றில் கொலாஜன் என்ற இணைப்புத்திசு நிறைய. 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால் அது ஜெலட்டினாக உருகி, வற்றிய நார்களுக்கு நடுவே வழவழப்பாகப் பரவும். ஆட்டுக்கால் சூப் மறுநாள் ஃப்ரிட்ஜில் அல்வா மாதிரி உறைகிறதே, அந்த ஜெலட்டின்தான். எனவே கடையில் கேட்க வேண்டியது எலும்போடு சப்பை; கோழியென்றால் தொடை.

ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு அளவு இது. இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கறியை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சிவக்க வறுக்கவும். மொத்தமாகக் கொட்டினால் நீர்விட்டு வேகுமே தவிர வறுபடாது. வறுக்கும் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. வறுத்த மணம் வர 140 டிகிரியாவது வேண்டும், ஸ்லோ குக்கர் 100-ஐத் தொடவே தொடாது. வறுத்த கறியைக் குக்கரில் போட்டுவிட்டு, அதே வாணலியில் 200 கிராம் சின்ன வெங்காயம், இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு தக்காளி, மூன்று மேசைக்கரண்டி மல்லித்தூள், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கவும். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கொதிக்கவிட்டு, உப்பும் சேர்த்துச் சூடாகவே குக்கரில் இருக்கும் கறிமேல் ஊற்றவும். சூடாக ஊற்றுவதால் ஏறும் நேரம் குறையும். லோவில் எட்டு மணி நேரம், ஹையில் நாலரை. ஒரு டம்ளர் தண்ணீர் குறைவாகத்தான் தெரியும், நம்புங்கள்: கறியும் வெங்காயமும் விடும் நீர் வற்றவே வற்றாது. அடுப்புச் செய்முறையை மாற்றும்போது தண்ணீரைப் பாதியாக்குங்கள்.

இதில் உருளைக்கிழங்கு போடுவதானால் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி அடியிலும் ஓரத்திலும் வையுங்கள், கறி மேலே. கறிக்குப் பிறகு காய் என்ற வழக்கம் இங்கே தலைகீழ். காய்கறிச் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் 85 டிகிரி வாக்கில்தான் நன்றாக இளகத் தொடங்கும்; குக்கர் அந்தச் சூட்டுக்கு வரவே பல மணி நேரம். புளிப்பு சேர்ந்தால் பெக்டின் இன்னும் பிடிவாதமாகும். புளிக்கரைசலை முதலிலேயே ஊற்றிய சாம்பாரில் துவரம்பருப்பு பத்து மணி நேரமானாலும் மலராமல் நிற்பது அதனால்தான். (உண்மையில் சாம்பாருக்கு ஸ்லோ குக்கர் தேவையே இல்லை. பிரஷர் குக்கர் 120 டிகிரி வரை போகும். நாலு விசிலில் முடிகிற வேலை.) தயிர், பால், தேங்காய்ப்பால் கடைசி அரைமணியில், முதலிலேயே சேர்த்தால் திரிந்துவிடும். கறிவேப்பிலை, கொத்தமல்லியும் அப்போதுதான். கிராம்பும் பட்டையும் பாதியளவு போதும்.

இந்தக் கருவி பிறந்ததே பயறு வேகவைக்க. லித்துவேனியாவின் வில்னா நகர யூதர்கள், ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்பதால், வெள்ளி மாலையே சோலன்ட் என்ற பயறும் கறியும் கலந்த பானையை ரொட்டிக் கடைக்காரரின் தணியும் அடுப்பில் வைத்துவிடுவார்கள். தன் அம்மா சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் சிகாகோவின் இர்விங் நாக்ஸன் தன் மின்பானையை வடிவமைத்தார். 1940-இல் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் அவர் நிறுவனத்தை வாங்கிய ரைவல், மறு ஆண்டு கிராக்பாட் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் பயறில்தான் ஆபத்தும் இருக்கிறது. ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் உண்டு. வேகாத நான்கைந்து விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதும். 80 டிகிரி அளவில் மட்டும் சூடான ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிடப் பல மடங்கு நச்சாகலாம். லோவில் ஏறும் பாதை சரியாக அந்த வழியாகத்தான் போகிறது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அடுப்பில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவைத்த பிறகே குக்கரில் போட வேண்டும்.

கறிக்கும் இதே போல ஓர் எல்லை உண்டு. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும் மண்டலம். அதை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறோமோ அவ்வளவு நல்லது. உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது. பானை பாதிக்குமேல், முக்கால்வாசிக்குள் நிரம்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் இருபது, முப்பது நிமிடச் சூடு போய்விடும். நேற்றைய குழம்பை இதில் சூடாக்காதீர்கள்; அடுப்பில் கொதிக்கவைத்து ஊற்றினால் சூடு ஆறாமல் வைத்திருக்க மட்டும் உதவும். உங்கள் குக்கர் எப்படி என்று அறிய, பாதிக்குமேல் தண்ணீர் நிரப்பி லோவில் எட்டு மணி நேரம் விட்டு, மூடியைத் திறந்த உடனே தெர்மாமீட்டரை வையுங்கள். 85 முதல் 93 டிகிரிக்குள் இருந்தால் செய்முறை நேரம் அப்படியே பொருந்தும். அதற்குக் கீழே என்றால் அதை நம்பிக் கறி வைக்க முடியாது; 93-ஐத் தாண்டி 98-ஐ நெருங்கியிருந்தால் அது வேகமாக ஏறும் குக்கர், செய்முறை நேரத்தைக் குறைக்கவும்.

கடைசியாக மின்வெட்டு. குமிழ் திருகும் மாடல் மின்சாரம் வந்ததும் தானாகத் தொடரும். டிஜிட்டல் மாடல்கள் பல அணைந்தே இருக்கும். முழுதாக வெந்த பிறகு மின்சாரம் போனால் மூடியபடி இரண்டு மணி நேரம் தாங்கும். பாதி வேக்காட்டில் நின்றது வீட்டிலிருக்கும்போதே தெரிந்தால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிவிடலாம். வெளியே போயிருந்து, எப்போது நின்றது என்றே தெரியாவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான், பார்க்க நன்றாக வெந்தது போலிருந்தாலும். மறுபடி கொதிக்கவைத்தால் கிருமி சாகும். சில கிருமிகள் அதற்குள் விட்டுப்போன நஞ்சு கொதியிலும் அழியாது.