தாடை எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள்

பொய்கை சந்தையில் மாடு பிடிக்கிறவர் முதலில் வாயைத் திறந்து முன்பல்லைத்தான் பார்ப்பார். பல் போடாதது, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்ற வரிசையிலேயே மாட்டின் வயது அடங்கிவிடும். முதல் ஜோடி பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்க ஏறக்குறைய 2 வயது. எட்டும் சேர 4, 5 வயது ஆகும். அகழாய்வுக் குழிகளில் வரும் விலங்கு எலும்புகளைப் பார்க்கும் எங்களுக்கும் இதே வேலைதான். ஆனால் மண்ணுக்குள் முன்பற்கள் தாடையில் தங்குவதில்லை, எளிதில் கழன்றுவிடும். அதனால் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்களை நம்பியே எங்கள் கணக்கு ஓடுகிறது.

ஒரு ஆட்டுத் தாடையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கடைவாய்ப்பல் சுமார் 3 மாதத்தில் வெளிவரும், இரண்டாவது ஒரு வயதை ஒட்டி, மூன்றாவது ஒன்றரை முதல் 2 வயதுக்குள். அவற்றுக்கு முன்னால் மூன்று மடிப்போடு ஒரு பால்பல் இன்னும் நின்றால் அது இளசு. பல் முளைத்த பிறகு தேய்மானம் பேசும்: வெள்ளை எனாமல் தேய்ந்து, உள்ளிருக்கும் பழுப்புப் பகுதி மெல்லிய கோடாகத் தெரிந்து, வருஷம் போகப் போக அகலமாகும். துருக்கியின் அஷ்வான் பகுதி ஆடுகளை வைத்து, விலங்கு எலும்பு ஆய்வாளர் செபாஸ்டியன் பெயின் 1973-ல் இதை 9 கட்டமாகப் பிரித்தார். எந்தக் கட்டத்தில் எத்தனை ஆடு செத்தது என்று பார்த்து, கறிக்கா, பாலுக்கா, ரோமத்துக்கா வளர்த்தார்கள் என்று கேட்க வழி சொன்னதும் அவர்தான்.

அங்கேதான் எனக்குக் கவலை. மாணவர்களும் ஊர் வரலாறு எழுதும் நண்பர்களும் கறி, பால், ரோமம் என்று அவர் போட்ட மூன்று வரைபடங்களை மனப்பாடம் செய்துகொண்டு, குட்டித் தாடை நிறைய இருந்தால் பால் பண்ணை, கிழத் தாடை இருந்தால் ஏர் மாடு என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் 20 பெட்டை, ஒரு கிடா. வருஷத்துக்கு 20 குட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண் 10, பெண் 10. நாலு பெண் குட்டியையும் ஒரு கிடாக்குட்டியையும் மந்தைக்கு நிறுத்திவிட்டு மீதி 15-ஐயும் வெட்டுகிறார்கள். நிறுத்தியவற்றுக்குப் பதிலாக ஐந்து கிழடு கழிகிறது. குப்பைக்குழியில் நாலில் மூன்று பங்கு குட்டித் தாடை. பட்டியில் வருஷம் முழுக்க நிற்பதோ பெரும்பாலும் பெரிய ஆடுகள். நம் கைக்கு வருவது செத்த வயது. உயிரோடு நின்ற மந்தையை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தக் குழி ஒரே ஒரு ஆடி மாதக் கிடாவெட்டின் மிச்சமாக இருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. ஒரு நாள் விருந்து வருஷ வழக்கத்தைச் சொல்லாது.

மாட்டில் இன்னும் சிக்கல். பாலுக்காக வளர்த்தால் கன்றுகளைச் சீக்கிரம் கழித்திருப்பார்கள் என்பது ஐரோப்பிய எலும்புகளை வைத்து எழுந்த எதிர்பார்ப்பு. நம் நாட்டு மாடு கன்று முட்டாமல் எளிதில் பாலை இறக்காது. கன்று செத்தால் தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்திக் கறந்த வழக்கம் நம் பெரியவர்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, கறவைக்காக வளர்க்கிறவர் கன்றை ஏன் வெட்டப்போகிறார்? காளைக்கன்றுக்கு ஏரும் வண்டியும் காத்திருக்கும். கோமாரி வந்த வருஷம் கன்றுகள்தான் அதிகம் போகும். அந்தத் தாடைகளைப் பார்த்துப் பால் பண்ணை என்று எழுதினால் எவ்வளவு தப்பு!

செங்கம் பக்கத்து நடுகற்கள் ஆநிரை கவர்ந்ததையும் மீட்டதையும் சொல்கின்றன. அந்த நிரையில் கறவை எத்தனை, கன்று எத்தனை என்று சொல்வதில்லை. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிய பையம்பள்ளியில் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அவை பயிரைப் பற்றிச் சொல்லும், மாட்டைப் பற்றி அல்ல. இப்படிப்பட்ட புதிய கற்கால ஊர்களில் மாடு எதற்கு நின்றது என்று கேட்டால், பதில் சொல்லத் தாடைகள் வேண்டும்.

இளங்குட்டி எலும்பு மென்மையானது. நாய் கடித்துவிடும், மண் தின்றுவிடும், மிஞ்சியதைத் தோண்டுகிறவர் கண் தவறவிடும். பெரிய, முழுசான எலும்பை மட்டும் பொறுக்கினால் எந்த ஊர் மந்தையும் கிழட்டு மந்தையாகத்தான் தெரியும்.

கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பழைய பானையோட்டோடு தாடை தட்டுப்பட்டால் அங்கேயே விடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, ஆழத்தைக் குறித்து, தாசில்தாரிடமோ வேலூர் கோட்டை அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் கழுவ வேண்டாம், பசை போட வேண்டாம். உதிர்ந்த பல்லையும் அதே பையில் போடுங்கள். களத்தில் இருக்கும் மாணவர்களுக்கு ஒன்று: மண்ணைச் சலியுங்கள். சலிக்காமல் எடுத்த தாடைகளை வைத்து வயதுக் கணக்கு போட்டே ஆக வேண்டுமானால், சலிக்கவில்லை என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.