நோட்டின் நடுவே ஒரு கோடு

“கண்ணடைச்சா கடலுதான் மேடம் வருது. ஒறக்கமே இல்ல.”

தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்திருந்தார் அந்த அக்கா. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். கணவர் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். போனால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். கரை மறைந்து கொஞ்ச தூரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். தெரிந்தும் அக்கா ராத்திரி முழுக்க அழைத்துக்கொண்டே இருப்பார். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வீசிய பிறகு அந்தக் கரையில் இந்தப் பயம் இல்லாத வீடு குறைவு.

நாகர்கோவிலில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தாளின் நடுவே கோடு போடச் சொன்னேன். இடது பக்கம் தன் கையில் இருப்பது, வலது பக்கம் கையில் இல்லாதது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் எழுத வேண்டும்.

ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் எபிக்டெட்டஸ் சொல்லிக்கொடுத்த பிரிவினை இது. அடிமையாக இருந்து பிறகு தத்துவ ஆசிரியரானவர். கப்பல் பயணத்தையே அவர் உதாரணம் காட்டுகிறார்: மாலுமியையும் கிளம்பும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு, பிறகு வரும் புயல் என் பொறுப்பில் இல்லை. 1950களில் ஆல்பர்ட் எல்லிஸ் உருவாக்கிய உளவியல் சிகிச்சைக்கும் இவருடைய சிந்தனைதான் ஊற்று.

முதல் வாரம் அக்காவின் இடது பக்கம் வெறுமையாகவே இருந்தது. காத்து, அலை, போன் வராதது எல்லாம் வலது பக்கம். இரண்டாம் வாரம் இடது பக்கத்தில் படகின் பதிவு எண், கூடப் போனவர்களின் பெயர், அவரவர் வீட்டு நம்பர். லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது என்று ஓனரிடம் கேட்டதையும் எழுதியிருந்தார். கடைசி வரி பென்சிலில்: ‘இன்னைக்கு மவன அடிக்கல்ல.’

“பயம் எந்தப் பக்கம் மேடம்?” என்று கேட்டார்.

ரோமானிய எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸ் எழுதி வைத்திருக்கும் ஒரு சம்பவத்தைச் சொன்னேன். புயலில் கப்பல் தத்தளித்தபோது, உடன் வந்த தத்துவ ஆசிரியரின் முகமும் வெளிறிவிட்டது. புயல் அடங்கியதும் காரணம் கேட்டார்கள். அவர் எபிக்டெட்டஸின் கருத்தையே எடுத்துக் காட்டினார்: சட்டென்று வரும் திடுக்கம் ஞானிக்கும் வரும், அதை நம்பி அதன் பின்னால் போவதா வேண்டாமா என்பதே அவன் கையில். ஆக, பயம் வருவது வலது பக்கம். வந்த பிறகு செய்வது இடது பக்கம். அக்கா கொஞ்ச நேரம் அழுதார். பயப்படுவதே தன் குற்றம் என்று அத்தனை நாள் நினைத்திருந்தார்.

இந்தக் கோட்டை அடுத்தவருக்காக நாம் போடக் கூடாது. ஆளைக் கடலில் பறிகொடுத்த வீட்டில் போய், “நம்ம கையில என்ன இருக்கு” என்பது கொடுமை. வலது பக்கம் எழுதியதையெல்லாம் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். ஆழ்கடலில் நிற்கும் படகுக்குப் புயல் எச்சரிக்கை எட்டுவது ஒருத்தி கையில் இல்லைதான்; ஊரே சேர்ந்து கேட்டால் அது இடது பக்கம் வந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கம் கெட்டாலோ, சாக வேண்டும் என்று தோன்றினாலோ நோட்டு மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அக்காவுக்கு இன்னும் சில ராத்திரி உறக்கம் வருவதில்லை. அப்போது கணவரின் நம்பருக்குப் பதில், நோட்டில் எழுதிய வீட்டு நம்பர்களில் ஒன்றை அழைக்கிறார்.

“அந்நேரம் அவியளும் முழிச்சுதான் இருக்காவ மேடம்.”