பவர் விண்டோ மெதுவாக ஏறுகிறதா? மோட்டார் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய இன்னோவா, தவேரா, குவாலிஸ் என்று எந்த வேன் வந்தாலும் ஓட்டுநர் முதலில் சொல்வது, "அண்ணே, விண்டோ மோட்டார் போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்பதுதான். கண்ணாடி ஏறத்தான் செய்கிறது. ஆனால் முக்கி முனகி ஏறுகிறது, பாதியில் நின்றுவிடுகிறது, இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தால்தான் மூடுகிறது. நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். இப்படி வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் மோட்டார் நன்றாகவே இருப்பதைத்தான் பார்த்து வருகிறேன். ஒன்று, கண்ணாடி ஓடுகிற ரப்பர் பள்ளம், அதாவது பீடிங், அதை இறுக்கிப் பிடிக்கிறது; இல்லையென்றால் மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய கரண்ட் வழியிலேயே குறைந்துபோகிறது. இந்த இரண்டையும் பார்க்காமல் புது மோட்டார் போட்டால் கொஞ்ச நாளைக்கு அது பலத்தைக் காட்டி இழுக்கும், அப்புறம் அதுவும் சூடாகிச் சூடாகிப் பழைய மோட்டாரின் நிலைக்கே வந்துவிடும். ஓட்டுநரின் பணம்தான் வீண். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதவைப் பிரிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று கவனியுங்கள். எல்லாக் கண்ணாடியும் மெதுவாக ஏறுகிறதா, ஒன்று மட்டுமா? எல்லாமே மெது என்றால் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைத் தொடவே வேண்டாம், பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும், நிறுத்தி ஓய்ந்த நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இது சரியாக இருந்தும் எல்லாம் மெது என்றால் பவர் விண்டோவுக்குப் பொதுவாகப் போகும் ரிலே, ஃபியூஸ் கால்கள், மைனஸைப் பாடியோடு சேர்க்கும் எர்த் போல்ட் மூன்றையும் பாருங்கள். ஒரு கண்ணாடி மட்டும் மெது என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கதவில்தான். இறங்கும்போது சட்டென்று இறங்கி, ஏறும்போது மட்டும் திணறினால் இறுக்கம் என்று சந்தேகப்படுங்கள். ஏறும்போது கொஞ்சம் மெதுவாக இருப்பது இயல்பு, கண்ணாடியின் எடையைத் தூக்க வேண்டுமே. இரண்டு பக்கமும் ஒரே சோம்பல் என்றால் கரண்ட் குறைவாக இருக்கலாம், கண்ணாடியைத் தூக்கும் மெஷினில் கிரீஸ் காய்ந்திருக்கலாம்.

இன்னொரு எளிய சோதனை இருக்கிறது. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, இரண்டு பக்க பீடிங்கிலும் தண்ணீரை மேலிருந்து வழியவிட்டு உடனே ஏற்றிப் பாருங்கள். நனைந்ததும் வேகம் கூடினால் பிரச்சினை பீடிங்கில் என்பது உறுதி, வோல்ட் அளக்கும் மீட்டரை எடுக்கவே தேவையில்லை. மழை பெய்தால் கண்ணாடி நன்றாக ஏறுகிறது, வெயிலில்தான் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லும் ஓட்டுநர்கள் பாதி வேலையை எனக்கு மிச்சப்படுத்திவிடுகிறார்கள்.

பீடிங் என்று நாம் சொல்லும் அந்த ரப்பர் பள்ளத்தின் உள்பக்கம் வெல்வெட் போல மெல்லிய பூச்சு இருக்கும், கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஓடுவது அதன் மேல்தான். வருடக் கணக்கில் வெயிலில் நிற்கும் வண்டியில் இந்தப் பூச்சு தேய்ந்து, ரப்பர் இறுகி, உள்ளே மண் அப்பிக்கொள்கிறது. பள்ளத்தில் விரலை வைத்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள், விரல் நுனியில் கறுப்புப் பொடியும் நறநறவென்று மணலும் வந்தால் மோட்டார் தினமும் எதை எதிர்த்து இழுக்கிறது என்று உங்களுக்கே புரியும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலில் பருத்தித் துணியைச் சுற்றி, ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்து, பள்ளத்துக்குள் விட்டு மேலும் கீழும் தேயுங்கள். துணியை மாற்றி மாற்றி, அழுக்கு வருவது நிற்கும்வரை. முன்கதவில் பின்பக்கப் பள்ளம் கதவுக்குள்ளேயும் வெகுதூரம் கீழே இறங்கும், அங்கேதான் அழுக்கு அதிகம் தேங்கும், டோர் பேடைக் கழற்றினால்தான் கை எட்டும். நன்றாகக் காயவிட்டு சிலிக்கோன் ஸ்பிரேயை அதன் குழாயைப் பள்ளத்துக்குள் விட்டு அடியுங்கள், கண்ணாடியை ஏழெட்டு முறை ஏற்றி இறக்குங்கள், மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பல வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும். செலவு ஒரு ஸ்பிரே டப்பாதான்.

தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ், வாசலின் எதையும் பீடிங்கில் தடவாதீர்கள். அன்றைக்கு நன்றாக ஓடும். அடுத்த தூசி ரோட்டில் போகும்போது எல்லா மண்ணையும் அது இழுத்துப் பிடித்துக்கொண்டு குழம்பாக்கிவிடும். பெட்ரோலிய எண்ணெய்கள் சில வகை ரப்பரை ஊதவைக்கவும் செய்யும், ஊதிய ரப்பர் கண்ணாடியை முன்பைவிட இறுக்கும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் இதற்கு உதவாது.

ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிகளையும் சொல்ல வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கருப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்தபோது அவசர அவசரமாக உரித்த வண்டிகள் ஏராளம். நடுவில் சுத்தமாக இருக்கும், பீடிங்குக்குள் மறையும் ஓரத்தில் மட்டும் பசை அப்படியே தங்கி, தூசியோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகியிருக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் வந்துவிடும். பீடிங் வெடித்துப்போயிருந்தால் மட்டும் புதிதாகப் போடுங்கள், அதுவும் அந்த வண்டிக்கென்று வருவதையே வாங்குங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பொது பீடிங்கின் பள்ளம் அளவு மாறினால் கண்ணாடி இன்னும் இறுகும்.

அடுத்தது மெஷின், அதாவது கண்ணாடியைத் தூக்கும் அமைப்பு. கத்தரிக்கோல் வடிவில் இரண்டு கைகளும் ஒரு பல்சக்கரத் துண்டும் உள்ளது ஒரு வகை, ஒயர் கேபிளும் பிளாஸ்டிக் புல்லியும் உள்ளது இன்னொரு வகை. கேபிள் வகையில் கரகரவென்று சத்தம் வந்தாலோ கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தாலோ கேபிள் இழை பிரிந்துவிட்டது, புல்லி உடைந்துவிட்டது என்று அர்த்தம், அதை மாற்றத்தான் வேண்டும். கத்தரி வகை அவ்வளவு சீக்கிரம் போகாது. அதில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும், மண்ணெண்ணெயில் கழுவி, பல்லிலும் மூட்டுகளிலும் உருளைகள் ஓடும் தடத்திலும் லித்தியம் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும்.

வீட்டில் தாங்களாகவே செய்து பார்க்கிறவர்கள் இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். கத்தரி வகை மெஷினில் கண்ணாடியின் எடையைச் சமன்செய்ய சுருள் ஸ்பிரிங் ஒன்று முறுக்கிய நிலையில் இருக்கும், அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது மோட்டாரின் பல்தான். மெஷினைக் கதவிலிருந்து வெளியே எடுத்துவிட்டு மோட்டாரின் கடைசி ஸ்குருவைக் கழற்றினால், அந்த ஸ்பிரிங் விடுபட்டுக் கைகள் படாரென்று அடிக்கும். விரல் நசுங்கும், வெட்டுப்படும். மோட்டாரைப் பிரிக்கும் முன் பல்சக்கரத் துண்டையும் அதன் அடியில் உள்ள தகட்டையும் சேர்த்து ஒரு போல்ட்டால் பூட்டுங்கள், அல்லது சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கண்ணாடியையும் மேலே ஏற்றிக் கதவுச் சட்டத்தோடு சேர்த்து அகலமான டேப்பால் ஒட்டிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

சரி, பீடிங்கும் சுத்தம், மெஷினும் சுத்தம், இன்னும் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால் கரண்ட் பக்கம் வாருங்கள். இங்கேதான் எங்கள் தொழிலில் இருப்பவர்களே கூடத் தடுமாறுகிறார்கள். மோட்டார் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்து, "12 வோல்ட் வருது, அப்போ மோட்டார்தான் அவுட்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். லோடு இல்லாதபோது ஒயரில் ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கமாக இரண்டு ஊசிகளைச் செருகி, பட்டனை அழுத்திக் கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். பேட்டரியில் 12.5 இருக்க, மோட்டாரில் 9 வோல்ட்தான் வருகிறது என்றால் மூன்றரை வோல்ட் வழியில் தொலைகிறது. வோல்ட் குறைந்தால் மோட்டாரின் வேகமும் இழுவையும் சேர்ந்து குறையும், அதைக் குறை சொல்லி என்ன பயன்?

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க மீட்டரின் ஒரு முனையை நீளமான ஒயர் வைத்து பேட்டரி பிளஸ்ஸிலும், இன்னொன்றை மோட்டாரின் பிளஸ் ஒயரிலும் வைத்து, கண்ணாடி ஓடும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளஸ் பக்கம் கோளாறு. அதே மாதிரி மைனஸ் பக்கமும் பாருங்கள். ஏற்றும்போது பிளஸ்ஸாக இருந்த ஒயர் இறக்கும்போது மைனஸாகும், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு இணைப்பில் வெறும் 0.2 ஓம் தடை சேர்ந்தால் போதும், 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 2 வோல்ட் விழும், 20 வாட் சூடு அந்தச் சின்ன இடத்திலேயே உண்டாகும். கறுத்து உருகிய சுவிட்சுகளும் பழுப்பேறிய கனெக்டர்களும் இப்படித்தான் உருவாகின்றன.

நான் முதலில் பார்ப்பது ஓட்டுநர் பக்கத்து மாஸ்டர் சுவிட்ச்சை, அதாவது எல்லாக் கண்ணாடிக்கும் பட்டன் உள்ள சுவிட்ச்சை. பல பழைய வண்டிகளில் மற்ற கதவுகளின் மோட்டாருக்கு எர்த் இந்த மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான் கிடைக்கிறது, அந்தக் கதவிலேயே இருக்கும் பட்டனை அழுத்தினாலும் சரி. ஒரு டிராவல்ஸ் வண்டியில் இடது முன்கண்ணாடிக்கு வேறு இடத்தில் மோட்டார் மாற்றி, அந்தக் கதவின் சுவிட்ச்சையும் மாற்றி, ஒரு மாற்றமும் இல்லாமல் எங்களிடம் வந்தது. மாஸ்டர் சுவிட்ச்சைத் திறந்தால் அந்தக் கண்ணாடிக்கான காண்டாக்ட் கரிபிடித்து, நடுவில் குழிவிழுந்திருந்தது. கழற்றிய பழைய மோட்டாரையே திரும்ப மாட்டி ஓட்டிக் காட்டினோம். சுவிட்ச்சைப் பிரிக்கும்போது ஒரு தட்டுக்குள் வைத்துப் பிரியுங்கள், உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கும் குண்டும் துள்ளி ஓடிவிடும். காண்டாக்ட்டை 2000 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். முரட்டு உப்புத்தாள் போட்டால் மேலே உள்ள வெள்ளிப் பூச்சு போய்விடும், சீக்கிரமே மறுபடி கரியாகும்.

அடுத்த சந்தேகம் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அதற்குள் ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன, நாளடைவில் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன, வெளி உறை மட்டும் அறுபடாமல் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டே கதவை மெல்ல ஆட்டுங்கள், வேகம் கூடிக் குறைந்தால் அங்கேதான் கோளாறு. அந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றினால் நிற்காது. வளையும் தன்மையுள்ள புது ஒயரை ரப்பர் குழாய்க்கு இரண்டு பக்கமும் தாண்டிக் கொண்டுபோய் ஈயம் வைத்துச் சேர்க்க வேண்டும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியருக்குப் பதில் 40 போடுவது, அதைவிட மோசமாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பது, இதை மட்டும் செய்யாதீர்கள். ஃபியூஸ் காப்பது மோட்டாரை அல்ல, ஒயரை. ஃபியூஸ் தாங்கிக்கொண்டால் அடுத்து எரியப்போவது கதவுக்குள், டாஷ்போர்டுக்குள் ஓடும் ஒயரின் உறைதான். வேனில் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மோட்டாரே காரணமாக இருப்பதும் உண்டு. அழுத்தினால் அசைவில்லை, மோட்டாரை ஸ்குரு டிரைவர் பிடியால் தட்டினால் ஓடுகிறது என்றால் மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஏற்றி இறக்கினால் நின்றுவிட்டு, சில நிமிடம் கழித்துத் தானாக வேலைசெய்தால் உள்ளே இருக்கும் சூட்டுக் காப்பு கரண்ட்டைத் துண்டிக்கிறது. அதற்குக் காரணம் மறுபடியும் இறுகிய பீடிங்காக இருக்கலாம். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய மோட்டார் வாங்குவதில் தவறில்லை, பேட்டரியில் நேராகக் கொடுத்து இரண்டு பக்கமும் சுற்றவிட்டு வாங்குங்கள். 2015 டிசம்பர் மாதிரி வெள்ளத்தில் கதவுவரை மூழ்கிய வண்டியிலிருந்து எடுத்ததா என்று துருவை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக ஏறினால் என்ன, ஏறுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் நிறைந்த சுரங்கப்பாதையில் வண்டி மாட்டினால் வெளியே வர இருக்கும் வழி பக்கக் கண்ணாடிதான், அதுவும் ஒயரிங் தண்ணீரில் செத்துப்போகும் முன்பு கிடைக்கும் கொஞ்ச நேரத்தில். சரிசெய்த பிறகோ வேறு கவனம் வேண்டும். பெரும்பாலான பழைய வேன்களில் கை மாட்டினால் தானாகத் திரும்பும் வசதி கிடையாது, இதுவரை முனகிய கண்ணாடி இப்போது முழு பலத்தோடு ஏறும். குழந்தைகள் ஏறும் வண்டி என்றால் மாஸ்டர் சுவிட்ச்சில் உள்ள லாக் பட்டனை அழுத்தியே வையுங்கள், பின்கண்ணாடியை ஏற்றும் முன் திரும்பி ஒரு பார்வை பாருங்கள்.

டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துத் தூரப் போட்டுவிடாதீர்கள், மழைத்தண்ணீர் உள்ளே வந்து பேடையும் ஸ்பீக்கரையும் நனைக்காமல் தடுப்பது அதுதான். பழைய பசை பிடிக்கவில்லை என்றால் பியூட்டைல் டேப் போட்டு ஒட்டுங்கள். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தி மண்ணை எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு அது கீழே வடிகிறதா என்று பார்த்த பிறகு பேடை மாட்டுங்கள்.